உரிமை என்னும் சொல்

(வெள்ளி விழா மாணவர் அரங்கில் நிகழ்த்திய உரை)

 

வெள்ளி விழா மேடையில் சாதனைகளை எடுத்துரைப்பது மரபு. அப்பணியை நமக்கு முன்னர்ப் பேசியவர்கள் செவ்வனே செய்துவிட்டார்கள். நாம் இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றிப் பேச விழைகிறோம். அதற்குக் காரணமாயிருந்தவர் நம் மாலை வகுப்பு மாணவர் ஒருவர். சில வாரங்களுக்கு முன் அவர் நம்மிடம் வந்து, "ஐயா, என்னைச் சலுகையில் சேர்ந்தவன் என்று வகுப்பில் சொல்கிறார்கள். அது உண்மைதானா?" என்று கேட்டார். அவர் கையில் கல்வி உதவித்தொகைக்கான விண்ணப்பம் இருந்தது. அதனைக் கொடுப்பதா, கிழித்து எறிவதா என்று அவருக்குத் தெரியவில்லை. விண்ணப்பத்தை வாங்கிப் பார்த்தோம். "ஏழை மாணவனாகிய எனக்குச் சலுகை வழங்குமாறு தங்கள் பாதம் பணிந்து வேண்டுகிறேன்" என்று அவரே எழுதியிருந்தார். வகுப்புத் தோழர் சொன்ன சொல் அவரைச் சுட்டது. ஆயின் அதே சொல்லை அவர் தம் கையாலேயே எழுதியிருந்தார்.

அன்று அவருக்கு நாம் சுருக்கமாகச் சொன்னதை இன்று உங்கள் அனைவருக்கும் விரித்துரைக்கிறோம். நாம் விளக்கப்போகும் சொல் உரிமை. அதன் பொருள் தெளிவாக வேண்டுமாயின் சலுகை என்னும் சொல்லையும் அருகே நிறுத்திப் பார்க்க வேண்டும்.

முதலில் சொல்லின் அமைப்பைக் காண்போம். உரிமை என்பதில் உள்ள அடிச்சொல் உரி. உரிய, உரியவர், உரித்து, உரியது என்பன அதன் கிளைகள். உரியது என்றால் ஒருவருக்குச் சொந்தமாய்ப் பொருந்தி நிற்பது. அத்தன்மையே உரிமை. இதே பொருளில் பழந்தமிழில் வழங்கிய மற்றொரு சொல் கிழமை. ஞாயிற்றுக்குக் கிழமையான நாள் ஞாயிற்றுக்கிழமை. திங்களுக்கு உரிய நாள் திங்கட்கிழமை. வாரந்தோறும் ஏழு முறை நாம் உரிமை என்னும் பொருளுடைய சொல்லை நாவில் எடுக்கிறோம். ஆயினும் அதனை உணர்வதில்லை.

இலக்கண நூலார் ஆறாம் வேற்றுமைக்குப் பொருள் கூறும்போது கிழமையை இரண்டாக வகுத்தனர். ஒன்று தற்கிழமை, மற்றது பிறிதின் கிழமை. "எனது கை" என்னும்போது கை நம்மோடு பிரிக்க முடியாதபடி இயைந்து நிற்கிறது. அது தற்கிழமை. "எனது பசு" என்னும்போது பசு நம்முடையதே ஆயினும் நம்மினின்று வேறானது. அதனை விற்கலாம், இழக்கலாம், பிறர் கவர்ந்து செல்லலாம். அது பிறிதின் கிழமை. மாணவர்களே, தேர்வுக்காக இதனை மனப்பாடம் செய்திருப்பீர்கள். இன்று வாழ்க்கைக்காக அதனை நினைவிற் கொள்ளுங்கள். மனிதனாகப் பிறந்ததனால் நம்மோடு ஒட்டி வருவது எதுவோ அது நம் தற்கிழமை. அதனை மறுக்கலாம், மிதிக்கலாம், பல நூற்றாண்டுகள் மறைத்தும் வைக்கலாம். ஆனால் அது வேறொருவருடையது ஆகிவிடாது.

இனிச் சலுகை என்னும் சொல்லை நோக்குவோம். அது தீய சொல் அன்று. வீட்டில் கடைக்குட்டிக்குச் சலுகை உண்டு. பண்டிகைக் காலத்தில் துணிக்கடையில் சலுகை விலை உண்டு. இவற்றிலெல்லாம் கொடுப்பவரின் விருப்பமே முதன்மை. அவர் மனம் மாறினால் சலுகையும் மாறும். கேட்பவர் காரணம் வினவ இயலாது.

ஒரு சொல்லின் இயல்பை அறிய வேண்டுமாயின் அது எந்த வினையோடு கூடுகிறது என்று பாருங்கள். சலுகை காட்டினார், சலுகை வழங்கினார், சலுகையை நிறுத்தினார் என்கிறோம். எழுவாயாக நிற்பவர் எப்போதும் மேலே இருப்பவரே. உரிமை உண்டு, உரிமை கோரினர், உரிமையை நிலைநாட்டினர், உரிமையை மீட்டனர் என்கிறோம். இங்கே எழுவாய் உரிமைக்கு உரியவரே. "சலுகையை மீட்டனர்" என்று சொல்லிப் பாருங்கள், காதுக்கு ஒவ்வாது. சலுகை நின்றுபோனால் வருந்தலாம். உரிமை பறிபோனால்தான் மீட்க முடியும். ஏனெனில் முன்னரே நம்முடையதாய் இருந்ததைத்தான் மீட்பர்.

இவ்வேற்றுமையை நம் முன்னோர் நூலிற் படிக்கவில்லை, தண்ணீரிற் கண்டனர். ஊர்ப் பொதுக் கிணற்றருகே நம் பாட்டிமார் குடத்துடன் காத்து நின்றனர். யாரேனும் மனமிரங்கி உயரத்திலிருந்து நீரை ஊற்றினால் அது சலுகை. தாமே கயிற்றைப் பற்றி நீர் இறைப்பது உரிமை. இரண்டிலும் குடத்தில் விழுவது ஒரே நீர்தான். ஆனால் ஒன்றில் மனிதர் காத்து நிற்கிறார். மற்றொன்றில் மனிதராய் நிற்கிறார்.

1923-இல் பம்பாய்ச் சட்ட மன்றத்தில் சீதாராம் கேசவ் போலே கொண்டுவந்த தீர்மானம் ஒன்று நிறைவேறியது. பொதுப் பணத்தில் அமைந்து பேணப்படும் குளங்கள், கிணறுகள், பள்ளிகள் முதலியவற்றைத் தீண்டப்படாதார் எனப்பட்டோரும் பயன்படுத்தலாம் என்பது அதன் கருத்து. மகாடு நகராட்சியும் 1924-இல் தன் சவதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானித்தது. ஏட்டில் உரிமை வந்தது. ஆயினும் நம் மக்களில் எவரும் அக்குளத்தில் இறங்க முடியவில்லை. 1927 மார்ச்சு 20 அன்று அண்ணல் அம்பேத்கர் மக்களுடன் அணிவகுத்துச் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். அன்று அங்கே தாக்குதலும் நிகழ்ந்தது. பின்னர் வழக்கும் தொடுக்கப்பட்டது. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு நம் மக்கள் பக்கம் வந்தது 1937-இல். தீர்மானம் தொடங்கித் தீர்ப்பு முடியப் பதினான்கு ஆண்டுகள்!

நம் சென்னை மாகாணத்திலும் 1924-இல் இரட்டைமலை சீனிவாசனார் சட்ட மன்றத்தில் ஒரு தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். பொதுச் சாலை, பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம் ஆகியவற்றை எவ்வகுப்பினரும் பயன்படுத்தத் தடையில்லை என்றது அத்தீர்மானம். 1938-இல் எம். சி. இராசா அவர்களின் முயற்சியால் குடிமைத் தடைகளை நீக்கும் சட்டம் வந்தது. ஒரே செய்திக்கு ஏன் மீண்டும் மீண்டும் தீர்மானமும் சட்டமும்? பயன்படுத்தப்படாத உரிமை ஏட்டிலேயே உறங்கிவிடும் என்பதனால்தான். உரிமைக்கு வினைச்சொல் வேண்டும்.

பெயர் பெரிதாயிருந்தால் பொருளும் பெரிதாயிருக்கும் என்று மயங்கிவிடவும் கூடாது. சுதந்திரம் என்னும் சொல்லைக் கருதுங்கள். பழைய வருவாய்த்துறை ஏடுகளில் அதற்கு வேறு பொருள் இருந்தது. அறுவடைக் களத்தில் நெல் அளக்கும்போது ஊர்ப் பணியாளர்க்கு வழக்கப்படி அளந்து விடும் பங்குக்குச் சுதந்திரம் என்று பெயர். வெட்டியான், தோட்டி, தலையாரி முதலியோர்க்கு இத்தகைய பங்கு இருந்தது. பெயரளவில் அது பரம்பரைப் பாத்தியதை. ஆனால் நம் பாட்டனார் அதனைத் துண்டை விரித்துக் குனிந்து வாங்க வேண்டியிருந்தது. மரக்காலைத் தலைதட்டி அளப்பதா, கூட்டி அளப்பதா என்பது அளப்பவர் மனத்தைப் பொறுத்திருந்தது. சொல்லில் உரிமை, நடப்பில் சலுகை! எனவே ஒரு சொல்லைக் கண்டவுடன் மகிழ்ந்துவிடாமல், "இதனை மறுத்தால் நாம் யாரிடம் முறையிடலாம்?" என்று கேளுங்கள். முறையிட இடமிருந்தால் அது உரிமை.

அந்த இடத்தை நமக்கு அமைத்துத் தந்தது 1950 சனவரி 26 முதல் நடைமுறையில் உள்ள அரசியலமைப்புச் சட்டம். அதன் மூன்றாம் பகுதிக்கு அடிப்படை உரிமைகள் என்றே தலைப்பு. 14-ஆம் பிரிவு சட்டத்தின் முன் சமத்துவத்தையும், 17-ஆம் பிரிவு தீண்டாமை ஒழிப்பையும் கூறுகின்றன. 32-ஆம் பிரிவு உரிமை மறுக்கப்பட்டவர் நேரே உச்ச நீதிமன்றத்தை அணுக வழி வகுக்கிறது. தீண்டாமையைத் தண்டிக்க 1955-இல் வந்த சட்டத்தின் முதற்பெயர் தீண்டாமைக் குற்றங்கள் சட்டம். 1976-இல் அது திருத்தப்பட்டுக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம் என்று பெயர் மாறியது. பெயர் மாற்றத்தைக் கவனியுங்கள். முன்னைப் பெயர் செய்தவனின் குற்றத்தைச் சுட்டியது; பின்னைப் பெயர் நம் உரிமையைச் சுட்டுகிறது. 1989-இல் இயற்றப்பட்ட வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இப்பாதுகாப்பை மேலும் வலுப்படுத்தியது.

இனி அம்மாணவரின் வினாவுக்கு வருவோம். இட ஒதுக்கீடு சலுகையா, உரிமையா? இவ்வினாவை நீதிமன்றமும் வேறு சொற்களில் ஆராய்ந்திருக்கிறது. 1962-இல் மைசூர் மாநிலத்திலிருந்து சென்ற பாலாஜி வழக்கில் உச்ச நீதிமன்றம் கல்வி ஒதுக்கீட்டைச் சமத்துவத்திற்கு ஒரு விதிவிலக்கு என்றே கொண்டது. விதிவிலக்கு என்பது சலுகைக்கு உடன்பிறப்பு. 1963-இல் தேவதாசன் வழக்கில் நீதியரசர் சுப்பா ராவ் தனித்து நின்று, வேலையில் ஒதுக்கீடு கூறும் 16(4) விதிவிலக்கு ஆகாது என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். 1975-இல் கேரளத்தின் தாமஸ் வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பு அப்பக்கம் திரும்பியது. 1992-இல் மண்டல் வழக்கில் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு, 16(4) என்பது 16(1) கூறும் சமவாய்ப்புக்கு விலக்கு அன்று என்று உறுதி செய்தது. தொடக்கத்தில் தனியொருவரின் மாறுபட்ட குரலாய் இருந்தது, முப்பது ஆண்டுகளுக்குள் நாட்டின் சட்டமாயிற்று. சமமற்றவரைச் சமநிலைக்குக் கொணர்வதும் சமத்துவத்தின் பகுதியே என்பது அதன் சாரம்.

ஆயினும் மாணவர்களே, சொல்லை அளவறிந்து ஆள வேண்டும். ஒதுக்கீட்டுப் பிரிவுகள் அரசுக்கு ஆற்றல் அளிப்பனவே அன்றி அரசைக் கட்டாயப்படுத்துவன அல்ல என்று நீதிமன்றம் கூறியுள்ளது. பதவி உயர்வில் ஒதுக்கீடு கேட்பது தனிமனிதரின் அடிப்படை உரிமை அன்று என்று 2020-இலும் தீர்ப்பு வந்தது. அடிப்படை உரிமை என்பது ஒன்று. சட்டம் தந்த உரிமை என்பது மற்றொன்று. நம் மாநிலத்தில் பட்டியல் வகுப்பினர்க்கு 18 விழுக்காடு, பழங்குடியினர்க்கு 1 விழுக்காடு என்று சட்டமே வரையறுத்துள்ளது. அதன்படி உங்களுக்குரிய இடத்தை ஓர் அலுவலர் மறுத்தால் அவர் சட்டத்தை மீறுகிறார். அப்போது நீங்கள் கேட்பது சட்ட உரிமை. அச்சட்டத்தை நிலைக்கச் செய்வதோ நம் அனைவரின் விழிப்பைப் பொறுத்தது. இவ்வேறுபாட்டை அறியாமல் மேடையில் முழங்குவோர் நீதிமன்றப் படியில் தடுமாறுவர்.

ஒதுக்கீடு என்னும் சொல்லையே ஆராய்ந்து பாருங்கள். ஒதுக்கு என்பது அதன் அடி. ஊரிலிருந்து ஒதுக்கினர், தெருவிலிருந்து ஒதுக்கினர், பள்ளித் திண்ணையிலிருந்து ஒதுக்கினர். ஒதுக்கப்பட்டவர்க்காக இன்று ஓர் இடம் ஒதுக்கப்படுகிறது. வினை ஒன்றே, திசை வேறு. முன்னதை அறியாதவர்க்குப் பின்னது சலுகையாய்த் தோன்றும்.

உதவித்தொகையின் கதையும் இத்தகையதே. முன்னாளில் அதனை உபகாரச் சம்பளம் என்றனர். உபகாரம் என்றால் பிறர் செய்யும் நன்மை. ஆனால் அது யாருடைய இரக்கத்தாலும் வந்ததன்று. அம்பேத்கர் வைசிராயின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது, 1942-இல் பட்டியல் வகுப்பினரின் குறைகளைத் தொகுத்து விரிவான மனு அளித்தார். அதன் பயனாகக் கல்விக்கு நிதி ஒதுக்கப்பட்டு, உயர்கல்வி உதவித்தொகைத் திட்டம் 1944-இல் தொடங்கியது. அந்த மாணவர் கிழிக்க எண்ணிய விண்ணப்பத்தின் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

அப்படியாயின் விண்ணப்பத்தை எவ்வாறு எழுதுவது? இதற்கும் தொல்காப்பியம் துணை வருகிறது. சொல்லதிகாரத்தின் எச்சவியலில் ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களுக்கு இடம் வகுக்கப்பட்டுள்ளது. மூன்றும் கேட்டற்குரிய சொற்களே. ஆயின் ஈ என்பது தாழ்ந்தவர் கேட்பது. தா என்பது ஒத்தவர் கேட்பது. கொடு என்பது உயர்ந்தவர் கேட்பது. கேட்கும் சொல்லே கேட்பவரின் நிலையைக் காட்டிவிடும் என்பதைத் தமிழ் எவ்வளவு பண்டே கண்டிருக்கிறது! நம்மவர் எத்தனையோ தலைமுறை ஈ என்று கேட்க வைக்கப்பட்டனர். நாம் கொடு என்று அதட்டவும் வேண்டா. தா என்று கேட்கும் நிலையே குடியாட்சியில் குடிமகனுக்கு உரிய நிலை.

எனவே அம்மாணவரின் வரியை நாம் சேர்ந்து திருத்தினோம். "அரசாணைப்படி எனக்கு உரிய கல்வி உதவித்தொகையை அனுமதித்து ஆணையிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதச் செய்தோம். "மதிப்பிற்குரிய ஐயா" என்னும் விளியை நீக்கவில்லை. இறுதியில் "நன்றி" என்பதையும் விடவில்லை. பணிவு வேறு, தாழ்வு வேறு. பாதம் பணிதல் மட்டுமே போயிற்று. உடன் இணைக்க வேண்டிய சான்றிதழ்களை வரிசையாக எண்ணிட்டு அடுக்கச் சொன்னோம். ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கச் சொன்னோம். உரிமை பேசுபவரின் விண்ணப்பம் குறையில்லாததாய் இருக்க வேண்டும்.

இத்துடன் முடித்தால் பாதியைத்தான் சொன்னவராவோம். உரிமை என்னும் சொல்லை வெளியாரை நோக்கி மட்டும் நீட்டுவது முறையன்று; அதனை நம் வீட்டினுள்ளும் கொண்டு வர வேண்டும். பழைய இலக்கியத்தில் உரிமை மகளிர் என்று ஒரு வழக்கு உண்டு. பெண்ணையே ஒருவருக்கு உரிய பொருளாகக் கருதிய காலத்தின் சுவடு அது. இன்றும் முறைமாமனுக்கு உரிமைப் பெண் என்கிறோம். ஆனால் அப்பெண்ணுக்கு என்ன உரிமை என்று கேட்கிறோமா? "எங்கள் மகளைப் பன்னிரண்டாம் வகுப்பு வரை படிக்க விட்டோம்" என்று பெருமையாகக் கூறும் தந்தையரைக் கண்டிருக்கிறோம். விட்டோம் என்பது சலுகையின் மொழி. அவள் படிப்பு அவளுடைய தற்கிழமை. அவ்வாறே நம்முள் ஒரு பிரிவினர் மற்றொரு பிரிவினரைத் தாழ்வாக எண்ணும் வழக்கம் இன்னும் முற்றும் ஒழியவில்லை. 2009-இல் அருந்ததியர்க்கு 18 விழுக்காட்டினுள் 3 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தபோது, "அவர்களுக்கு எதற்கு இந்தச் சலுகை?" என்று நம்மிற் சிலரே கேட்டனர். எந்தச் சொல் நம்மைச் சுட்டதோ அதே சொல்லை நாம் பிறர்மேல் எறியலாமா?

அடிமை, உரிமை, கடமை என்னும் மூன்று சொற்களும் மை என்னும் ஈறு கொண்டவை. அடிமை என்பது பிறர் அடியின்கீழ் இருக்கும் நிலை. அதிலிருந்து நம் முன்னோர் உரிமை என்னும் சொல்லுக்கு நடந்து வந்தனர். கடமை என்பது சோழர் காலக் கல்வெட்டுகளில் அரசுக்குச் செலுத்தும் வரியைக் குறித்தது. இன்று நாம் செலுத்த வேண்டிய வரி ஒன்று உண்டு. படித்து வேலை பெற்றவர் ஒவ்வொருவரும், விண்ணப்பம் எழுதத் தெரியாத ஒரு குடும்பத்திற்கு ஆண்டுதோறும் ஒரு விண்ணப்பமேனும் எழுதித் தர வேண்டும். இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் செய்து வரும் பணியின் சாரமும் இதுவே அன்றோ!

மாணவச் செல்வங்களே, இன்று இல்லம் சென்றதும் உங்கள் குறிப்பேட்டில் உரிமை என்னும் சொல்லை எழுதுங்கள். அதன் எதிரே அகராதிப் பொருளை மட்டும் எழுதாதீர்கள். உங்களுக்கு உரியது எது, அதனை எந்தச் சட்டமோ ஆணையோ கூறுகிறது, மறுத்தால் எங்கே முறையிடலாம், உங்களால் பிறர்க்கு மறுக்கப்படுவது எது என்னும் நான்கினையும் எழுதுங்கள். நான்காவதற்கு விடை எழுதுவதே கடினம். அதனை எழுதியவர்தாம் இச்சொல்லை முழுதும் கற்றவர்.

அம்மாணவர் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டார். ஒப்புகைச் சீட்டையும் வாங்கி வந்து நம்மிடம் காட்டினார். இனி எவரேனும் "சலுகையில் சேர்ந்தவன்" என்றால் என்ன சொல்வாய் என்று கேட்டோம். "எனக்கு உரிய இடத்தில் சேர்ந்தவன் என்பேன் ஐயா" என்றார். அவர் இவ்வவையில்தான் அமர்ந்திருக்கிறார். அவர் போன்றோர் நூறாகவும் ஆயிரமாகவும் பெருக வேண்டும் என்று வாழ்த்துகிறோம்.